ஆறு வரித் தாள்

நஞ்சப்பனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு சனிக்கிழமை. மேட்டுப்பாளையத்தில் அவருடைய பட்டறையில், ஒரு சிவப்புக் காரின் சக்கரத்தருகே குந்தியிருந்தார். திங்கட்கிழமை மாரடைப்பில் போய்விட்டார்.

என்னைவிட எட்டு வயது சின்னவர். மில் மூடிய பிறகு, நாற்பத்தாறு வயதில் அவரிடம் வேலை கற்றுக்கொள்ளப் போனேன். நான் அவரை மேஸ்திரி என்பேன். அவர் என்னை அண்ணா என்பார்.

அந்தக் கார் எஸ்தர் டீச்சருடையது. கோத்தகிரியில் அவர் மகளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள். தாயையும் பிள்ளையையும் மறுநாள் மலையிலிருந்து அழைத்து வர வேண்டும். ஷோரூமில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். எஞ்சின் கழுவுவது, கியர் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் என்று ஆறு வரி. எல்லாம் உடனே செய்ய வேண்டுமாம்.

“இதெல்லாம் அவசியந்தானா?” என்று கேட்டார் டீச்சர்.

மேஸ்திரி வாய் திறப்பதற்குள் நான் மீட்டரைப் பார்த்தேன். மூன்று வருடத்தில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர்.

“ஒண்ணுமே வேண்டாங்க டீச்சர். சர்ச்சுக்கும் மார்க்கெட்டுக்கும் போற வண்டி. ஓடாத வண்டியில ஆயில் எப்படிங்க கெடும்? ஏமாத்தறாங்க.”

டீச்சர் முகம் தெளிந்தது. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“வண்டியோட குடுத்த புஸ்தகம் இருக்குங்களா?” என்றார் மேஸ்திரி.

டீச்சர் டேஷ்போர்டிலிருந்து எடுத்துத் தந்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

“பைபிள் மாதிரி பத்திரமா வெச்சிருக்கீங்க.”

“பைபிளை நான் தினமும் பிரிக்கிறேன் நஞ்சப்பா.”

மேஸ்திரி சிரித்துக்கொண்டே உறையைக் கிழித்தார். தாளையும் புத்தகத்தையும் அருகருகே வைத்து விரலை ஓட்டினார். எஞ்சின் கழுவுவது புத்தகத்திலேயே இல்லை. கியர் ஆயிலுக்கும் கூலண்டுக்கும் இன்னும் காலம் இருந்தது. இப்படி ஐந்து வரிகளைப் பென்சிலால் அடித்தார். பிரேக் ஆயிலில் விரல் நின்றது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று போட்டிருந்தது.

பானட்டைத் திறந்து, ஈரம் காட்டும் பேனாவை அந்த ஆயிலில் முக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“நின்ன வண்டிதானுங்களே” என்றேன்.

“பிரேக் ஆயிலு, காத்துல இருக்கற ஈரத்தை நின்னுக்கிட்டே குடிக்குமுங்ணா. மலை இறங்கையில பிரேக் சூடாச்சுன்னா அந்தத் தண்ணி ஆவியாயிரும். அப்புறம் மிதிச்சா கால் சும்மா உள்ள போகும்.”

டீச்சர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

எனக்கு முகம் எரிந்தது. பழைய ஆயிலை இறக்கும்போது, டீச்சர் காதில் விழாமல் கேட்டேன்.

“அஞ்சு வரி பொய் எழுதினவன் தாளுங்க மேஸ்திரி. அதைப் போய் கடைசி வரைக்கும் படிக்கணுமா?”

அவர் நட்டைத் தளர்த்திக்கொண்டே சொன்னார்.

“எழுதினது அவனுங்ணா. மலை இறங்கறது டீச்சரு.”

நான் காருக்கு உள்ளே ஏறி, அவர் சொன்னபோதெல்லாம் பெடலை மிதித்தேன்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒரு பேக்கரி. டீச்சருக்கு எழுபத்திரண்டு வயது. கோத்தகிரிக்கு இன்றும் தானேதான் ஓட்டிப் போகிறார்.