ஒன்பது மாதத்து அளவு

கரட்டுச்சாமி துணியையும் கத்திரியையும் கொண்டுவந்து முன்னால் வைத்ததும் செங்கோடனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதை விட்டுட்டு வந்தனோ அதையே கையில குடுக்கறீங்களே சாமி!"

"விட்டுட்டவன் அதைத் தொட்டா என்ன?" என்றார் சாமி.

செங்கோடன் தையல்காரன். கடை, வீடு, மனைவி பாவாயி, ஒன்பது மாதக் கைக்குழந்தை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் குன்றின்மேல் இருக்கும் இந்தக் கரட்டு மடத்துக்கு வந்து இரண்டரை வருடமாகிறது. சாமி அவனைவிட நாலு வயது இளையவர். அதுவே அவனுக்கு உள்ளுக்குள் ஓர் உறுத்தல். போதாக்குறைக்கு, அவனுக்குப் பின்னால் வந்த மூன்று பேர் காவி கட்டிவிட்டார்கள். இவன் மட்டும் வெள்ளை வேட்டியோடு தண்ணீர் இறைத்துக்கொண்டும் வாசல் கூட்டிக்கொண்டும் கிடந்தான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு எப்பங்க காவி?" என்று அன்று காலையில் கேட்டேவிட்டான். அதற்குப் பதிலாக வந்ததுதான் கத்திரி.

"உன் மகளுக்கு ஒரு கவுன் தை. கொண்டுபோய் உன் கையால போட்டுவிட்டுட்டு வா. வந்த அன்னிக்கே காவி."

"மகளாவது ஒண்ணாவது. அந்தப் பற்றையெல்லாம் அறுத்துட்டேனுங்க."

"அப்பச் சுலபமாப் போச்சு."

செங்கோடன் கோபத்தோடுதான் தைத்தான். ஊசி இரண்டு தரம் விரலில் ஏறியது. இரண்டு தரமும் மனசுக்குள் சாமியைத் திட்டினான். ஆனாலும் தொழில்காரன் இல்லையா, துணி கைக்கு வந்ததும் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

டேப் வைத்து அளக்கிற பழக்கமே அவனுக்குக் கிடையாது. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்கிறவன் என்று ஊரில் பேர் வாங்கினவன். இப்போது இடது கையை நீட்டிப் பார்த்தான். குழந்தையை அந்தக் கையில்தான் படுக்க வைத்துக்கொள்வான். தலை முழங்கை மடிப்பில் இருந்தால் இடுப்பு உள்ளங்கைக்கு வரும். அந்த அளவுக்கே துணியை வெட்டினான். வளர்ந்திருக்குமே என்று இரண்டு விரல்கடை கூட்டிக்கொண்டான். இரண்டரை வருடத்துக்கு இரண்டு விரல்கடை!

கழுத்தைச் சுற்றிப் பூத்தையல். கைக்குச் சுருக்கு. ஓரத்தில் ஒரு நூல் பிசிறு கிடையாது.

சாமி கவுனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "அளவு?"

"இங்க இருக்குதுங்க" என்று செங்கோடன் இடது கையைத் தட்டிக் காட்டினான்.

சாமி கவுனை மடித்து அவனிடமே கொடுத்தார்.

ஊருக்குப் போய் இறங்கினபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வீட்டில் அவனுடைய தையல் மிஷினில் பாவாயி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"வந்த வழியப் பாத்துப் போயிருங்க."

"புள்ளைக்குக் கவுன் கொண்டாந்தேன். போட்டுவிட்டுட்டுப் போயிடறேன்."

உள்ளேயிருந்து ஒரு பெண்குழந்தை ஓடிவந்து பாவாயியின் புடவையைப் பிடித்துக்கொண்டது. அது போட்டிருந்த கவுன் செங்கோடனுடைய பழைய கட்டம்போட்ட சட்டையைப் பிரித்துத் தைத்தது. தையல் பாம்பு போல வளைந்து வளைந்து ஓடியது. குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் கண்ணில் பட்டது அந்தத் தையல்தான்.

"இப்படிக் கோணக்கோணயா ஆரு தச்சது?"

கேட்டிருக்கவே கூடாது. மிஷின் நின்றது.

"நான்தான் தச்சேன். நீங்க போனப்புறம் இதுல உக்காந்து, விரலக் குத்திக் குத்திக் கத்துக்கிட்டுத் தச்சேன். கோணலாத்தான் இருக்கும். உங்க கைநேர்த்தியக் காட்டறதுக்கு எம்புள்ளதான் அகப்பட்டுச்சா?"

செங்கோடன் குழந்தையைப் பிடித்துப் புதுக் கவுனைத் தலைவழியாக மாட்டினான். கழுத்து நெற்றிக்கு மேலேயே சிக்கிக்கொண்டது. இழுத்தான். குழந்தை வீறிட்டது. இன்னும் இழுத்தான். பூத்தையல் படபடவென்று விட்டது.

பாவாயி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். கிழிந்த கவுன் அவன் கையிலேயே நின்றுவிட்டது.

"அம்மா, இது ஆரு?" என்று குழந்தை தேம்பிக்கொண்டே கேட்டது.

பாவாயி குழந்தையின் கட்டம்போட்ட கவுனின் கீழ்விளிம்பைத் தூக்கி அவனுக்குக் காட்டினாள். அங்கே பழைய மடிப்பின் கோடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று தெரிந்தன.

"தைக்கத் தெரியாதவ நானு. எனக்கே தெரிஞ்சுது, உள்ள மடிச்சுவிட்டுத் தைக்கோணும், வளர வளரப் பிரிச்சுவிடோணும்னு. மூணு தரம் பிரிச்சுட்டேன். நீங்க ஆருக்குத் தச்சீங்க? ஒம்போது மாசப் புள்ளைக்கு. அந்தப் புள்ள இந்த வீட்ல இல்ல. போங்க!"

செங்கோடன் கரட்டுக்குத் திரும்பிய வேகத்தில் வழியில் கும்பிட்டவர்களைக்கூடப் பார்க்கவில்லை. கிழிந்த கவுனைச் சாமியின் காலடியில் எறிந்தான்.

"சின்னதுன்னு உங்களுக்குப் பாத்தவொடனயே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் அனுப்பிச்சீங்க. என்னை அவமானப்படுத்தோணும், அதானே?"

சாமிக்கும் கோபம் வரும் என்று மடத்தில் அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"பற்றை அறுத்துட்டேன், அறுத்துட்டேன்னு ரெண்டரை வருஷமாச் சொன்னியேடா! அறுத்தவன் கையில அளவு எப்படி இருந்துச்சு? வச்சிருந்தவன் அதை வளரவாவது விட்டியா?"

செங்கோடனுக்கு அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை. "துணி குடுங்க. வேறொண்ணு தைக்கறேன். அந்தப் புள்ளைக்குப் போட்டுவிட்டுட்டுத்தான் மறுசோலி."

சாமி உள்ளே போனார். நாலு முழக் காவித் துணியோடு வந்தார். அதை அவன் முன்னால் விரித்து, மேலே கத்திரியை வைத்தார்.

"இது காவிங்களே!"

"உனக்குன்னு நீ வந்த வருஷமே எடுத்து வச்சது."

"இதை வெட்டிப்போட்டா எனக்குங்க?"

சாமி கத்திரியை அவன் பக்கம் நகர்த்தினார். செங்கோடன் துணியைப் பார்த்தான். கத்திரியைப் பார்த்தான். கடைசியில் கத்திரியை எடுத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் இடது கையைத் துணியின்மேல் நீட்டினான்.

சாமி அந்தக் கையைப் பிடித்துத் தள்ளினார்.

"துணியை உன் வீட்டுக்குக் கொண்டுபோய் அங்க வச்சு வெட்டு. அளவு மாசத்துக்கு ஒருக்கா மாறும்."