இழைமணி கொடுக்காத துண்டு

இடிக்க வேண்டாத வீட்டை இடிக்க ஆள் அனுப்பிவிட்டார்கள். அனுப்பிய ஆளைத் திருப்பிக் கூப்பிட வழியில்லை.

அந்தக் காலத்தில், உலகத்தில் கடலும் அதில் ஒட்டி ஒட்டி மிதந்த உயிரணுக்களும்தான். உயிரணுவுக்குள் இருந்தவையெல்லாம் பேசின. ஓர் உயிரணு என்றால் ஒரு வீடு. வீட்டுக்காரர் கருவன், நடுவில் உட்கார்ந்திருப்பார். அடுப்பைப் பார்த்துக்கொண்டவள் இழைமணி, வெளியிலிருந்து குடிவந்தவள்.

வந்த கொஞ்ச நாளிலேயே கருவன் அவளுடைய மரபிழையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எதை எப்படிச் செய்வது என்ற அறிவெல்லாம் அந்த இழையில்தான். ஒரு துண்டை மட்டும் அவள் கொடுக்கவில்லை. வளைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அந்தத் துணுக்கை வச்சு என்ன பண்ணப் போற? விளக்குக்குத் திரி போடவா?" என்றார் கருவன்.

"எல்லாத்தையும் குடுத்துட்டா அப்புறம் நான் யாரு, அண்ணாச்சி?"

வீட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே கேடு முற்றினால், பக்கத்து வீட்டுக்குப் பரவுமுன் தன் வீட்டைத் தானே இடித்துவிட வேண்டும். அதற்கென்றே இடியன் இருந்தான். முரடன். கிளம்பிவிட்டால் யார் பேச்சும் காதில் ஏறாது.

ஒருநாள் கடல் கொதித்தது. அடுப்பு புகைந்தது. கருவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேடு முற்றிவிட்டது என்று இடியனை ஏவிவிட்டார்.

"அண்ணாச்சி, வெறும் புகை! சூடு தணிஞ்சா அடங்கிடும்!"

"முதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீங்க கேட்டீங்களா?"

"ஐயோ, அவனை நிறுத்துற வித்தை என்கிட்ட இல்லையேம்மா!"

அதற்குள் இடியன் அடுப்படிச் சுவரில் கை வைத்துவிட்டான். அதில் ஓட்டை விழுந்தால் அடுப்பு சிதறும். வீடு போகும், உள்ளே இருக்கும் அத்தனை பேரும் போவார்கள்.

இழைமணி துண்டைப் பிரித்தாள். அதில் பெரிய வேலைகளுக்கான குறிப்பு இருந்த இடங்களைத் தள்ளினாள். அவற்றுக்கு நடுவே, யாரும் ஒரு பொருட்டாக மதிக்காத சிறு இடம். அதிலிருந்த குறிப்பைப் பார்த்து ஒவ்வொன்றாக மணி கோத்தாள். அங்கே இடியன் கைபட்ட சுவர் விரிந்தது. கடைசி மணியும் ஏறியது. சின்னஞ்சிறு சரம் ஒன்று எழுந்து நின்றது.

கருவன் தலையில் அடித்துக்கொண்டார். "இதுவா? அவன் மூச்சுவிட்டாலே பறந்துடுமே!"

"நான் மல்லுக்கட்டப் போகலை, அண்ணாச்சி. ஒட்டிக்கத்தான் போறேன்" என்றது சரம்.

பாய்ந்து இடியனைக் கவ்விக்கொண்டது. அவன் உதறினான். விடவில்லை. சுவரில் தேய்த்தான். விடவில்லை. சரம் ஒட்டியிருந்ததால் அவன் கை சுவரில் பதிய மறுத்தது. ஓய்ந்துபோய் வந்த வழியே போனான். கடல் ஆறியது, புகையும் அடங்கியது.

அன்று தொடங்கியதுதான்: இழைமணி அந்தத் துண்டை எந்தக் கருவனிடமும் கொடுப்பதில்லை, தாய் வழியாகவே பிள்ளைகளுக்கு விடுகிறாள். உயிரணு தவிக்கும்போது அந்தத் துண்டிலிருந்து முதலில் ஓடி வருகிற சின்னச் சரத்துக்கு அன்றே பெயரும் வைத்துவிட்டாள், குறுணி.