இருபத்தாறு குடைகள்

“ரெண்டுல எது ஒசத்தி? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க, நான் கிளம்பிடறேன்.”

கேட்டவன் குணாளன். ஓசூரில் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். வயது நாற்பத்தொன்று.

கேட்கப்பட்டவள் ஜரீனா. அவனுக்கு ஏழு வயது இளையவள். ஒன்பது வருடம் பெங்களூரில் கைபேசி ஆட்டங்களை ஆடிப் பார்த்துப் பிழை பிடிக்கும் வேலை செய்தாள். இப்போது கிருஷ்ணகிரி சாலையோரம் லாரிகளுக்கு எடை போடும் மேடை நடத்துகிறாள். ஆட்டக்காரர்கள் அவளை ‘ஆசான்’ என்பார்கள். அந்தப் பெயரை வைத்தது யார் என்று அவளுக்கே தெரியாது. சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்டுவிட்டது.

“எதுக்கும் எதுக்கும் அண்ணா?”

“நியான் சந்துக்கும் மழைநகரத்துக்கும்.”

இரண்டும் ஒரே சாதி ஆட்டம். பெரிய நகரம், தெருத்தெருவாய்ச் சண்டை, குலுக்கலில் விழுகிற வீரர்கள். காச்சா என்பார்கள். ஒன்றில் விளக்கு ஓயாது. மற்றதில் மழை ஓயாது.

“நீங்க எதை ஆடறீங்க?”

“நியான் சந்து. ரெண்டு வருஷமா.”

“அப்புறம் ஏன் இவ்வளவு தூரம்?”

குணாளன் நாற்காலியின் விளிம்புக்கு வந்தான்.

“என் பொஞ்சாதி மழைநகரம் ஆடறா.”

ஜரீனா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

அவன் மனைவி செம்மலர் வங்கியில் வேலை பார்க்கிறாள். பதினாலு மாதத்துக்கு முன்பு ராமநாதபுரத்துக்கு மாற்றினார்கள். அதிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்கு இருவரும் நியான் சந்தில் சந்தித்துக்கொள்வது வழக்கம். ஒரே தெருவில் ஓடுவார்கள், ஒரே அரக்கனை அடிப்பார்கள், அப்புறம் தனித்தனி ஊரில் சாப்பிடுவார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு அவள் மழைநகரத்துக்குப் போய்விட்டாள். நீயும் வா என்றாள்.

“போனீங்களா?”

“போனேனே! இருபத்தாறு நாளா ஒரு நாள் தவறலை. ஆடிப் பார்த்துட்டுத்தான் பேசறேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்ற ஆளில்லை நான்.”

கைப்பையிலிருந்து நான்கு தாள் எடுத்து மேசையில் விரித்தான். கோடு போட்டு, கட்டம் கட்டி, நாற்பத்து மூன்று வரிசை.

“சண்டை வேகம், பட நேர்த்தி, குலுக்கல் கணக்கு, எல்லாம் இருக்கு. நாப்பத்து மூணுல முப்பத்தொண்ணு நம்மது மேல. அவளுக்கும் அனுப்பி வெச்சேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘சரி’ன்னா.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்லை. எட்டு நாளாச்சு, போனை எடுக்கறதில்லை.”

மின்விசிறி தாள்களைக் கிளப்பியது. ஜரீனா அவற்றின்மேல் துளை போடும் கருவியைத் தூக்கி வைத்தாள்.

“தோத்துட்டோம்னு கோவம் ஆசான். வேறென்ன? நீங்க பொதுவான ஆள். நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேட்டுக்குவோம். மழைநகரந்தான் மேலன்னு சொல்லுங்க, நியான் சந்தை இப்பவே அழிச்சுடறேன். ஆனா யாராவது ஒருத்தர் சொல்லணும். இப்படியே விட்டா...”



வெளியே ஹாரன். மாம்பழக்கூழ் ஆலையில் பாரத்தை இறக்கிவிட்டு, ஒரு லாரி காலியாக மேடை ஏறியது. ஓட்டுநர் செங்கோடன் குதித்து இறங்கி, கையை மேலே தூக்கிச் சோம்பல் முறித்தான். திருச்செங்கோட்டுக்காரன்.

“சீட்டைக் கொடுங்க அம்மிணி. வெயில் மண்டையைப் பொளக்குது.”

“ஏறி உட்காருங்க அண்ணா.”

“ஏனுங்க?”

“காலையில பாரத்தோட வந்தப்ப உள்ள உட்கார்ந்திருந்தீங்க.”

“நான் என்ன பெரிய எடை அம்மிணி? ரெண்டு கூடை மாம்பழம்!”

“அந்த ரெண்டு கூடையை ஆலைக்காரர் எங்க போய்த் தேடுவார்?”

செங்கோடன் சிரித்துக்கொண்டே திரும்ப ஏறினான். திரையில் எண் மேலே போய் நின்றது. ஜரீனா சீட்டு எடுத்து ஜன்னல் வழியே நீட்டினாள். லாரி போனது.

அவள் குணாளனிடம் திரும்பினாள்.

“நியான் சந்துல இருந்தப்ப வண்டியில உட்கார்ந்திருந்தீங்க. மழைநகரத்துல?”

“தினம் போனேன்னு சொன்னேனே.”

“போய் என்ன பண்ணுவீங்க?”

“எல்லாரும் பண்றதுதான். அன்னாட வேலை நாலு. வரைபடத்தைத் தொட்டா அங்கேயே தாவிடலாம். பெட்டியில வந்ததை எடுத்துக்கணும். எட்டு நிமிஷம்.”

“நடந்திருக்கீங்களா?”

“தாவ முடியறப்ப எதுக்கு நடக்கணும்?”

ஜரீனா தாளை இழுத்து, விரலை வைத்து வரிசை வரிசையாக இறங்கினாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், தேர்வுத்தாள் திருத்துபவரைப் பார்ப்பதுபோல.

பத்தொன்பதாவது வரிசையில் விரல் நின்றது.

“இது என்ன?”

அவன் எட்டிப் பார்த்து, தலையை ஆட்டினான்.

“அதை ஏன் கேக்கறீங்க! தினசரி இலவசப் பரிசு. நியான் சந்துல மூணு சாவி, ஒரு கவசம். மழைநகரத்துல ஒரு குடை. நேத்தும் குடை, இன்னிக்கும் குடை. இருபத்தாறு குடையை வெச்சுக்கிட்டு நான் என்ன கடையா போடறது? கஞ்சப் பிசினாறி ஆட்டம்.”

“அண்ணா.”

“ம்?”

“மழைநகரம் யாருக்கும் குடை கொடுக்கிறதில்லை.”

“என் பையில இருக்கே!”

“இருக்கும். ஆட்டம் கொடுத்ததில்லை. அந்த ஊர்ல குடை வேணும்னா ஒருத்தர் ஒரு பொழுது முழுக்க நடந்து, பழைய துறைமுகத்துல தேடி எடுக்கணும். எடுத்தவங்க அதைப் பிடிச்சுக்க முடியாது. இன்னொருத்தருக்குத்தான் அனுப்ப முடியும்.”

குணாளன் பத்தொன்பதாவது வரிசையை மறுபடி பார்த்தான்.

“பெட்டியில வந்ததை எப்படி எடுப்பீங்க?”

“அடியில ‘அனைத்தையும் பெறு’ன்னு இருக்கும். ஒரே அமுக்கு. சிவப்புப் புள்ளி போயிடும்.”

“பிரிச்சுப் பார்க்காம?”

“யாரு பிரிப்பா? எல்லாம் விளம்பரந்தானே...”

“பழையவைன்னு ஒரு பக்கம் இருக்கும். முப்பது நாள் வரைக்கும் அழியாது.”

அவன் கைபேசியை எடுத்தான். மழைநகரம் திறந்தது. அந்தச் சின்ன எடை அறைக்குள் மழைச் சத்தம் நிறைந்தது.

பழையவை.

இருபத்தாறு உறை. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு குடை. ஒவ்வொன்றின் அடியிலும், அனுப்பியவருக்கும் தெரிகிற மாதிரி, பச்சையில் ஒரு சொல்: பெற்றுக்கொண்டார்.

அவன் முதல் உறையைத் தொட்டான்.

‘பிடிச்சுக்கோ. இந்த ஊர்ல நனைஞ்சா உயிர் குறையும்.’

இரண்டாவது.

‘ஏழாம் நம்பர் பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்திருந்தேன். நீ என் தலைக்கு மேல தாவிப் போனே. கூப்பிட்டேன், கேக்கலை போல.’

ஐந்தாவது.

‘இன்னிக்கு மேனேஜர் எல்லார் முன்னாடியும் கத்திட்டார். சும்மா சொன்னேன். பதில் வேண்டாம்.’

ஒன்பதாவது.

‘பெற்றுக்கொண்டார், பெற்றுக்கொண்டார்னு காட்டுது. வாயில கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை எழுதேன்.’

ஜரீனா எழுந்து மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு அவன் அருகில் வைத்தாள். அவன் பார்க்கவில்லை. அவன் கட்டைவிரல் பதினாலாவது உறைமேல் நின்றிருந்தது. அது மற்றவற்றைவிட நீளம்.

‘ஓசூருக்கு மாறுதல் கேட்டு எழுதச் சொல்றாங்க. அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி கடைசி நாள். கேட்டா ப்ரமோஷன் போயிடும். எனக்கு அது பெரிசில்லை. ஆனா நீ தனியா இருந்து பழகிட்டியோன்னு ஒரு எண்ணம். போன்ல கேட்டா “உன் இஷ்டம்”னுதான் சொல்வே. அதனால இங்க கேக்கறேன். வரட்டுமா, வேண்டாமா?’

அடியில் பச்சையில்: பெற்றுக்கொண்டார்.

“இன்னிக்கு என்ன கிழமை?”

“வியாழன்.”

“தேதி?”

ஜரீனா சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டினாள். அவன் விரல் விட்டு எண்ணினான். கடைசி நாள் நாளைக்கு.

பதினெட்டாவது உறை. அட்டவணை அனுப்பிய நாளுக்கு முந்தின நாள்.

‘சரி, பதில் சொல்லாட்டிப் போ. குடையாவது பிடிச்சுக்கோ.’

அப்புறம் எட்டு உறை. எதிலும் எழுத்தில்லை. குடை மட்டும் இருந்தது. கடைசிக் குடை இன்று காலை ஆறே காலுக்கு வந்தது. ஆறரைக்கு அவன் பல் தேய்த்தபடி அமுக்கியிருக்கிறான்.

குணாளன் கைபேசியை மேசைமேல் வைத்தான். திரும்ப எடுத்தான். அழைத்தான். மணி அடித்தது, அடித்தது, நின்றது.

“எடுக்கலை.”

“மறுபடி அடிங்க.”

“வேண்டாம்.” அவன் குரல் இறங்கியிருந்தது. “எடுத்தா நான் அதைத்தான் சொல்லித் தொலைப்பேன். உன் இஷ்டம்னு.”

மழை பெய்துகொண்டே இருந்தது, உள்ளங்கையளவு திரைக்குள்.

“ஆசான்.”

“சொல்லுங்க.”

“இதுல பதில் எழுதறதுக்கு எங்க அமுக்கணும்?”

நாற்பத்து மூன்று வரிசை எழுதியவன் கேட்டான். ஜரீனா சிரிக்கவில்லை. உறையின் வலது ஓரத்தில், நகம் அளவு இருந்த பேனாக் குறியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு நாற்காலியைச் சுழற்றி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அவன் எழுதினான், அழித்தான். நீளமாக எழுதி, மொத்தத்தையும் அழித்தான். வெளியே அடுத்த லாரி மேடை ஏறி, எடை பார்த்து, இறங்கிப் போனது. கடைசியில் இரண்டே வரி மிஞ்சியது.

‘வா. எனக்குப் பழகலை.
நான் இப்பத்தான் படிச்சேன். இருபத்தாறையும் இப்பத்தான்.’

பரிசு ஏதும் இணைக்க வேண்டுமா என்று ஆட்டம் கேட்டது.

வேண்டாம் என்று அமுக்கினான்.

உறை பறந்து போனது. மத்தியான உணவு வேளை. அவள் கையிலும் கைபேசி இருந்திருக்க வேண்டும். அவன் மூச்சை விடுவதற்குள் அடியில் பச்சையாய் எழுந்தது:

பெற்றுக்கொண்டார்.

குணாளன் அந்தச் சொல்லையே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கினான்.

“ஆசான், படிச்சிருப்பாளா?”

ஜரீனா திரும்பாமலே சொன்னாள்.

“அதைத்தான் அண்ணா அவங்க இருபத்தாறு நாளா கேட்டுக்கிட்டிருக்காங்க.”