மரத்தின் மறுமுனை

காட்டுக் குளம் ஒன்றில் ஒரு விரால் மீன் தன் செந்நிறக் குஞ்சுகளை மேய்த்து வந்தது. நடுக்குளத்தில் இருக்கும்வரை அதற்குப் பயமில்லை. கரையிலிருந்து எந்தக் கையும் அங்கே எட்டாது.

காட்டுப்பூனை அதற்கும் ஒரு வழி கண்டது. காட்டுப்பன்றியைக் கூட்டுச் சேர்த்தது. பன்றி ஒரு நீண்ட மருதமரத் துண்டை மூக்கால் முட்டி முட்டிக் கரையிலிருந்து குளத்தை நோக்கித் தள்ளியது. மரம் பாதிக்கு மேல் தண்ணீருக்கு மேலே நீண்டதும், கரையிலிருந்த முனையில் பன்றி படுத்துக்கொண்டது. பூனை மறுமுனைக்குப் போய் உட்கார்ந்தது. கிடைப்பதில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு.

அன்றே குஞ்சுக்கூட்டம் பாதியாகிவிட்டது. விரால் குஞ்சுகளை ஆழத்துக்கு விரட்டிப் பார்த்தது. பயனில்லை. மூச்சு வாங்க அவை மேலே வந்தாக வேண்டும். மேலே பூனையின் கை காத்திருந்தது.

விரால் கீழிருந்து அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது. பன்றி முதுகு சொறியப் பாதி எழுந்தது. உடனே பூனை இருந்த முனை மெல்லத் தாழ்ந்தது. பன்றி படுத்ததும் பழையபடி நின்றது. பூனைக்குக் கண்ணெல்லாம் மீன்மேல், அது கவனிக்கவில்லை.

விரால் தலையை நீட்டியது.

“பூனையாரே, உங்க கைவீச்சு பிரமாதம்!”

“குஞ்சைப் பறிகொடுத்துட்டுப் புகழ வந்தியா?”

“வயிறு எரியத்தான் எரியுது. ஆனா ஒண்ணு கேக்கணும். பாடுபடுறது நீங்க. பாதியைத் தின்னுட்டுக் குறட்டை விடுறாரே, அவர் யாரு? உங்க மாமனாரா?”

பூனைக்குச் சுருக்கென்றது. திரும்பிக் கத்தியது.

“டேய் பன்றி! அங்க படுத்துக்கிட்டு என்னடா வேலை பாக்குற?”

“சும்மாதான் இருக்கேன்.”

“சும்மா இருக்கறதுக்குப் பாதிப் பங்கா? எழுந்து போடா!”

“நான் இங்க சும்மா இருக்கறதாலதான் தம்பி, நீ அங்க இருக்கே!”

“வாயைப் பாரு! போடாங்கிறேன்!”

“உன் இஷ்டம்,” என்று பன்றி மரத்தைவிட்டு எழுந்தது.

மரம் அப்படியே கவிழ்ந்தது. பூனை தலைகீழாகத் தண்ணீரில் விழுந்தது. பின்னாலேயே சரிந்து வந்த மரம் அதன் இடுப்பில் ஒரு போடு போட்டது. தாமரைக்கொடியில் சிக்கிப் புரண்டு, நொண்டியபடியே கரையேறி, பூனை புதருக்குள் ஓடி மறைந்தது. பன்றி கிழங்கு தோண்டப் போய்விட்டது.

விரால் மிச்சமிருந்த குஞ்சுகளை நடுக்குளத்துக்குக் கூட்டிப் போனது. அவை ஒவ்வொன்றாக மேலே வந்து மூச்சு வாங்கின.

வெளியே நீண்டு நிற்பதைத் தாங்குவது உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும் பாரம்தான். அதைச் சோம்பல் என்று எண்ணி விரட்டுகிறவன் தன் காலுக்கடியில் தாங்குவதையே விரட்டுகிறான்.