நாலு கார், பதினாறு ஆள்

ஆவுடையப்பன் சாரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு மாலை ஆறேகாலுக்கு. மீரானின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து பல்கலைக்கழக கேட்டைத் தாண்டிப் போனார். கண்ணாடியை இறக்கி, "என் வண்டியைப் பாத்துக்கிடும். இன்னும் ஒரு நடைதான், வந்துருதேன்" என்றார். வரவில்லை.

அப்போது நான் அந்த கேட்டில் வாட்ச்மேன். ஆவுடையப்பன், மீரான், ஜெபமணி, சங்கரலிங்கம் நாலு பேரும் தேர்வுப் பிரிவு குமாஸ்தாக்கள். ஒரே காலனி, அடுத்தடுத்த வீடு, ஆளுக்கொரு கார். ஒருவர் பின்னால் ஒருவராகத் தனித்தனியே வருவார்கள். காரை உள்ளே விட அனுமதி அட்டை வேண்டும். அதற்காக ஆவுடையப்பன் பதினோரு வருஷம் மனுப் போட்டிருந்தார். கிடைத்த பிறகு ராத்திரியில் அட்டையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, காலையில் கும்பிட்டு எடுத்து வருவார்.

ஒருநாள் சுற்றறிக்கை வந்தது. உள்ளே கார் நிறுத்த இடமில்லை. இனி யாரும் காரில் தனியாக வரக் கூடாது. ஒரு காருக்கு நாலு பேர் வர வேண்டும். மீறினால் அட்டை ரத்து.

நாலு பேரும் என் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று யோசித்தார்கள். ஜெபமணி விரல்விட்டு எண்ணினார்.

"நாலு காருக்குப் பதினாறு பேர். நம்மகிட்ட நாலு பேர்தான் இருக்கோம். மிச்சம் பன்னெண்டு பேருக்கு எங்க போக?"

எல்லோரும் ஒரே காரில் வந்தால் என்ன என்று கேட்டேன். சங்கரலிங்கம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அப்ப மூணு கார் வராதே வே. வராத காருக்கு அட்டை எதுக்குன்னு பிடுங்கிட்டா?"

ஆவுடையப்பன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். பஸ்ஸில் வந்தாலும் அதே ஆபத்து. சைக்கிள் என்றேன். நாலு பேர் ஒரு சைக்கிளில் ஏறினால் போலீஸ் பிடிக்கும் என்றார்கள்.

கடைசியில் மீரான்தான் வழி கண்டுபிடித்தார். "காருக்கு நாலு பேர்னுதான் போட்டிருக்கு. வந்த ஆளே திரும்ப வரக் கூடாதுன்னு போடலையே."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜெபமணியின் கார் வந்தது. உள்ளே நாலு பேர். காரை நிறுத்திவிட்டு நாலு பேரும் எதிரே போய் பஸ் ஏறினார்கள். பத்து மணிக்கு சங்கரலிங்கத்தின் கார், நாலு பேர். மறுபடி பஸ். பன்னிரண்டுக்கு மீரானின் கார். இரண்டு மணிக்கு ஆவுடையப்பனின் கார். கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் குடித்தார்கள். இரண்டேகாலுக்கு ஜெபமணியின் கார் வீடு திரும்பியது. உள்ளே நாலு பேர்.

அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள். அவளிடம் சொன்னேன். "பாவம், நாலு பேரும் பஸ்ஸிலே காருக்குத் துணைக்குப் போறாங்க" என்றாள்.

தினமும் என் நோட்டில் எழுதினேன்: தேர்வுப் பிரிவு, கார் நாலு, ஆள் பதினாறு. அதைப் பார்த்த மேலிடம் பிரிவுக்குப் பன்னிரண்டு நாற்காலி அனுப்பியது. மதிப்பெண் பட்டியல்தான் வெளிவரவில்லை.

ஆவுடையப்பன் இளைத்துக்கொண்டே வந்தார். இது தேவையா அண்ணாச்சி என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அட்டை இருக்குல்லா" என்றார்.

நான் சொன்ன அந்த மாலை, மூன்றாவதாக மீரானின் காரைக் காலனியில் விட்டதும் தண்ணீர் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் வருவதற்குள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் கழிந்ததும், காரை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி அவர் சம்சாரம் சாவியைக் கொடுத்தனுப்பினார். மூவரும் காரைச் சுற்றி நின்றார்கள்.

"மூணு பேர் எப்படி வே எடுக்க?" என்றார் ஜெபமணி. "அவரு அட்டை ரத்தாயிரும்லா."

நாலாவது ஆளாக நான் ஏறிக்கொள்கிறேன் என்றேன்.

"நீரு உள்ள உக்காந்துட்டா கேட்டுல யாரு எண்ணுவா?" என்றார் மீரான்.

சாவியை என் கூண்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

நாலாவது ஆள் இல்லாததால் அவர்கள் கார்களும் வீட்டோடு நின்றன. அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு மூவரும் பஸ்ஸில் வந்தார்கள். சரியாகப் பத்து மணிக்கு வந்தார்கள். அந்த வருஷம் மதிப்பெண் பட்டியல் வெளிவந்தது.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஆவுடையப்பன் சாரின் கார் புங்கை மரத்தடியில் நிற்கிறது. நாலு டயரிலும் காற்றில்லை. முன்கண்ணாடிக்குப் பின்னால், அன்றைக்கு அவர் வைத்துவிட்டுப் போன அட்டை இருக்கிறது. ரத்தாகவில்லை.