ஆறாவது பொட்டலம்

“அச்சான், நாளையிலிருந்து நான் பிச்சைக்கு வரவில்லை. என்னை விட்டுவிடுங்கள்.”

அச்சான் கெம் பாத்திரத்தைக் கழுவி வெயிலில் வைத்துக்கொண்டிருந்தார். தாய்லாந்தில் குருவை அச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தக் குருவுக்கு முப்பத்தொன்பது வயது. சீடருக்கு எழுபத்திரண்டு.

சீடர் தம்ரோங் மூன்று முறை அமைச்சராக இருந்தவர். பிறகு, நூற்றுச் சொச்சம் நாடுகளில் கிளை வைத்திருந்த ஒரு சேவைச் சங்கத்துக்கு உலகத் தலைவர். போன ஊரிலெல்லாம் சமாதானம் பற்றிப் பேசினார்.

மழைக்காலம் மூன்று மாதம் துறவியாக இருந்துவிட்டு வீடு திரும்புவது அங்கே ஆண்களின் வழக்கம். அவரும் வந்திருந்தார். தலையும் புருவமும் மழித்த முகம். அவர் யாரென்று அச்சானைத் தவிர இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

“காலில் முள் குத்திவிட்டதா?”

“இல்லை.”

“பிறகு?”

“படித்துறை வீட்டுப் பெண். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கொல்லப் பார்க்கிறாள்.”

அச்சான் நிமிர்ந்தார்.

“மற்றவர்களுக்கெல்லாம் வெறும் சோறு. எனக்கு மட்டும் மேலே ஒரு வாழையிலைப் பொட்டலம். இன்றோடு ஐந்து நாள்.”

“உள்ளே என்ன?”

“யார் பிரித்தார்கள்? குளத்தில் போட்டுவிட்டேன். அது பட்ட சோற்றையும் தொடவில்லை.”

“மீன் செத்ததா?”

“இல்லை.”

“ஒன்றுகூடவா?”

“விஷத்தை நாளைக்கு வைக்கலாமில்லையா, அச்சான்!”

“ஐயோ பாவம். அந்த மீன்கள் சாகாமலேயே உங்களை என்ன பாடு படுத்தியிருக்கின்றன, அமைச்சரே.”

தம்ரோங் சிரிக்கவில்லை.

“அவள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று. பாலத்தில் செத்த பதினொரு பேரில் அவனும் ஒருத்தன். படகோட்டி. பேப்பரில் பார்த்த முகம், மறக்காது.”

“ம்.”

“நான் அமைச்சராக இருந்தபோது நடந்தது. போராட்டக் கூட்டம் பாலத்தில் உட்கார்ந்திருந்தது. அதிகாரி போன் செய்தார். சுடலாமா என்று கேட்டார். நான் விமான நிலையத்தில் இருந்தேன். வெளிநாட்டில் ஒரு மாநாடு.”

“என்ன சொன்னீர்கள்?”

“உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்றேன்.”

“இது வேறு யாருக்குத் தெரியும்?”

“அந்த அதிகாரி செத்துவிட்டார்.”

வாசலில் நாய் குரைத்தது. தம்ரோங் சட்டென்று தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

படியேறி வந்தவள் அவள்தான். புவாலாய். கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம்.

மண்டியிட்டு வணங்கினாள்.

“அச்சான், ஒரு சந்தேகம். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால், வரிசையில் கடைசியாக வருகிற பெரியவர் வயசு இருக்கும். பெரியவரைப் பார்த்ததும் தோன்றியது, வீட்டுக்காரருக்குப் பிடித்ததைச் செய்து அவர் பாத்திரத்தில் போடலாமென்று. துறவி சாப்பிட்டால் செத்தவருக்குப் போய்ச் சேருமாமே. ஆனால் ஐந்து நாளாக வீட்டுக்காரர் கனவில் வந்து பசிக்கிறது, பசிக்கிறது என்கிறார். என் கையில் ஏதும் குற்றமா?”

அச்சான் தூண் பக்கம் பார்த்தார்.

தம்ரோங் வெளியே வந்தார்.

“அச்சானுக்குச் சரியென்று பட்டதை...”

பாதியில் நிறுத்தி, அவள் பக்கம் திரும்பினார்.



“உங்கள் கையில் குற்றமில்லை, அம்மா” என்றார். “நான் சாப்பிடவில்லை. விஷமென்று பயந்து குளத்தில் போட்டேன்.”

“விஷமா? உங்களுக்கு நான் ஏன் விஷம் வைக்கப் போகிறேன்?”

அவர் அச்சானைப் பார்த்தார். அச்சான் பாத்திரத்தை வெயில் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

“பாலத்தில் சுடலாமா என்று என்னிடம்தான் கேட்டார்கள். வேண்டாமென்று நான் சொல்லவில்லை.”

புவாலாய் அவர் முகத்தைப் பார்த்தாள். புருவமில்லாத முகத்தில் அவள் எதையோ தேடுவதுபோல் இருந்தது.

“துணியை விரியுங்கள்” என்றாள்.

பெண் கையிலிருந்து துறவி நேரே வாங்கக்கூடாது. துணி விரித்தால் அதன்மேல் வைப்பார்கள். தம்ரோங் விரித்தார்.

அவள் பொட்டலத்தை வைத்தாள்.

“இது காலையில் கட்டியது. நீங்கள் சொல்வதற்கு முன்னால். சாப்பிடுங்கள், அவருக்குப் பசிக்கிறது.”

“உச்சியாகப் போகிறது” என்றார் அச்சான். உச்சிக்கு மேல் அங்கே ஒரு பருக்கை தொடக்கூடாது.

தம்ரோங் நாரை அவிழ்த்தார். ஒட்டரிசிக்குள் வாழைப்பழம் வைத்து அவித்தது. கடைசி வாய்வரை விழுங்கினார். அவள் இலை காலியாகும்வரை உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்து, படி இறங்கி, திரும்பிப் பார்த்தாள்.

“நாளைக்கும் அந்தப் பக்கம் வருவீர்கள்தானே, ஐயா?”

குரலில் கோபமில்லை. வேறு எதுவும்கூட இல்லை.

இந்த முறை தம்ரோங் அச்சானைப் பார்க்கவில்லை.

“வருகிறேன்.”