கீழே வைத்த உப்பு

முன்னொரு காலத்தில், மலைகளுக்கும் காது கேட்ட காலத்தில், மும்மலை நாடு என்று ஒரு நாடு இருந்தது. முள்மலை, மூடுமலை, மொட்டைமலை. மூன்றையும் தாண்டினால் ஒரு குகை, குகைக்குள் ஒரு சுனை. நாட்டுக்குத் தண்ணீர் என்றால் அது ஒன்றுதான். அதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் கல்விழியன் என்ற மந்திரவாதி.

அவன் ஒரு பந்தயம் வைத்தான். வருஷத்துக்கு ஒரு ஆள் செம்பு தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். மூன்றாம் நாள் சூரியன் விழுவதற்குள் சுனையில் செம்பை முக்கிவிட்டால் தண்ணீர் என்றைக்கும் நாட்டுக்கு. ஆனால் பாதையில் மூன்று மூச்சு நேரம் நின்றால் கல். அப்படிக் கல்லானவனுக்குக் கூலியாக அந்த வருஷம் மட்டும் விரலளவு தண்ணீர் விடுவான்.

ஏழு வருஷம், ஏழு பேர் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. ராஜா என்ன செய்தார் என்கிறீர்களா? மாலை போட்டு அனுப்பினார், வந்த தண்ணீரைக் குடித்தார். எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை, விடுங்கள்.

எட்டாம் வருஷம் சடைச்சி என்ற ஆடு மேய்க்கும் பெண் முன்னால் வந்து நின்றாள். போன வருஷம் போனவன் அவள் அண்ணன் வீரணன்.

"தண்ணிக்காகப் போறியா, அண்ணனுக்காகப் போறியா?" என்று அம்மா கேட்டாள்.

"அண்ணனுக்குத்தாம்மா. பொய் சொல்ல மாட்டேன்."

அம்மா பழைய மஞ்சள் சேலையைக் கிழித்து ஒன்பது முடிச்சு உப்பு கட்டினாள். நெடுந்தூரம் ஓடுகிறவனுக்கு உப்பு இல்லாவிட்டால் கெண்டைக்கால் சுருண்டுகொள்ளும். அந்த நாட்டில் உப்பைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் ஜென்மப் பகை வருமாம். அம்மா தரையில் வைத்தாள், மகள் தரையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

முதல் வருஷம் போன கருத்தானின் தாய் பேச்சியும் வந்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் வருவாள், அதே வார்த்தைதான் சொல்வாள். "எம் பிள்ளை அங்க நிக்கிறானான்னு மட்டும் பாத்துட்டு வாம்மா."

சூரியன் எழுந்தது, சடைச்சி ஓடினாள்.

முள்மலையில் ஓடினாள். உள்ளங்கால் கிழிந்தது. வளைவில் ஒரு கல் மனிதன் கை நீட்டி நின்றான். மழை இறங்கி நடுவில் பிளந்திருந்த கல். அது கருத்தான். "உப்பு... உப்பு..." என்று காற்றுபோல ஒரு குரல். ஐயோ பாவம் என்று ஒரு முடிச்சை அவன் காலடியில் போட்டுவிட்டு ஓடினாள். குகையிலிருந்து மந்திரவாதி கூவினான்: "நில்லாதே! நின்றால் கல்!"

மூடுமலையில் ஓடினாள். பனியில் பாதை தெரியவில்லை. கால் நகம் இரண்டு கழன்று விழுந்தது. குடித்த தண்ணீரெல்லாம் வாந்தியாகப் போனது. வழியில் மூன்று கல், மூன்று கை, "உப்பு... உப்பு..." மூன்று முடிச்சைக் காலடியில் போட்டாள். "நில்லாதே! நின்றால் கல்!"

மூன்றாம் நாள் மொட்டைமலை. மரமில்லை, நிழலில்லை. இரண்டு முடிச்சைத் தான் தின்றாள், ஐந்தாவது கல்லுக்கு ஒன்று போட்டாள். ஆறாவது கல்லுக்கும் குனிந்து ஒன்று போட்டபோதுதான் காலடியைப் பார்த்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு முடிச்சு கிடந்தது. அதே மஞ்சள் சேலைத் துணி, அம்மாவின் முடிச்சு. அண்ணன் போட்டது!

"அடப்பாவிகளா, கல்லு எப்படிக் குனிஞ்சு எடுக்கும்!" என்று ஓடிக்கொண்டே அழுதாள். கருத்தானுக்குப் பின் வந்த ஒவ்வொருவரும் உப்பை இரக்கப்பட்டுக் கீழே வைத்திருக்கிறார்கள். கடைசியில் தங்களுக்கே உப்பில்லாமல் கால் சுருண்டு நின்றிருக்கிறார்கள்.

மேட்டைத் தாண்டினாள். ஏழாவது கல், வீரணன். கூப்பிடு தூரத்தில் குகை. சூரியன் இரண்டு சாண் உயரத்தில் இருந்தது. இடுப்பில் மிச்சம் ஒரே முடிச்சு.

"வா, வா!" என்றான் மந்திரவாதி. "செம்பை முக்கினா தண்ணி உனக்கு. ஆனா கல்லெல்லாம் எனக்கு. அண்ணன்கிட்ட நின்னா நீயும் கல்லு."

சடைச்சி நின்றாள்.

முடிச்சை அவிழ்த்து அண்ணன் உள்ளங்கையில் உப்பை வைத்து, தன் கையால் மூடிப் பிடித்தாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. அவள் பாதம் கல்லானது. முழங்கால் கல்லானது. அவள் கைக்குள் அண்ணன் விரல் அசைந்தது.

"சடைச்சி! என்னடி செஞ்சே?"

"அண்ணே, பின்னால... நீ போட்ட உப்பு..." அதற்குள் இடுப்பு கல்லாகிவிட்டது.

வீரணன் வந்த வழியே திரும்பி ஓடினான். அந்தப் பாதையில் திரும்பி ஓடியவனைக் கல்விழியன் பார்த்ததே இல்லை. பதறிப்போய்க் குகையை விட்டு இறங்கி வந்தான். மஞ்சள் முடிச்சோடு வீரணன் வரும்போது பாதையின் நடுவில் கையை விரித்து நின்று, "நில்லு!" என்று கத்தினான்.

வீரணன் நிற்கவில்லை. அந்தக் கைக்கு அடியில் குனிந்து நுழைந்து போய்விட்டான். மந்திரவாதி திகைத்து நின்றான். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. பாதையில் நின்றால் கல் என்று விதி போட்டவன் அவன்தானே? விரித்த கை விரித்தபடி கல்லாகிப் போனான்.

தங்கையின் கல் கையில் வீரணன் உப்பை வைத்து மூடிப் பிடித்தான். கழுத்துவரை ஏறிய கல் இறங்கியது. இருவரும் கைகோத்து ஓடினார்கள். சூரியன் விழ, செம்பு முங்க, சுனை உடைத்துக்கொண்டு மலை இறங்கியது.

பந்தயம் முடிந்தது, இனி நின்றாலும் பயமில்லை. திரும்பும்போது கீழே கிடந்த உப்பை எடுத்து ஒவ்வொரு கையிலும் வைத்தார்கள். ஐந்து பேர் விழித்தார்கள். கருத்தான் விழிக்கவில்லை. ஏழு பேரும் மாறி மாறி அவன் கையைப் பிடித்தார்கள். பொழுது ஏறும்வரை பிடித்தார்கள். பிளந்தது பிளந்ததுதான்.

ஊரில் ஓடை நிறையத் தண்ணீர். ராஜா மாலையோடு வந்தார். ஒருவரும் கழுத்தை நீட்டவில்லை.

சடைச்சி நேராகப் பேச்சியிடம் போனாள். "அத்தே, நிக்கிறான். உப்பு வெச்சோம். ரொம்ப நேரம் பிடிச்சிருந்தோம். வரல அத்தே."

பேச்சி அழவில்லை. "கை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நீட்டினபடியே இருந்துச்சு."

பேச்சி உள்ளே போய் ஒரு பிடி உப்பு அள்ளி வந்தாள். ஊரே பார்க்க, அதைச் சடைச்சியின் கையில் நேராக வைத்தாள்.

"மறுபடி மேல போறப்ப அவன் கையில வெச்சிட்டு வா தாயி," என்றாள். "கீழ மட்டும் வெச்சிடாதே."